வங்குக்கட்டை தேடி எண்ணூர் வரை

தொலைபேசியில் சகலை அந்தோணி வழக்கமான எதையும் கேட்கவில்லை. "பால்மாவு வாணாம், தைலம் வாணாம். அந்தப் பூதக்கண்ணாடிய மட்டும் மறக்காம எட்த்துகினு வா சகல. இங்க ஒரு மரத்துக்கு வயித்தியம் பாக்கணும்," என்றார்.

தைப்பிங் நகரின் மரக்கிடங்கு ஒன்றில் முப்பத்தோராண்டு தரம் பிரிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மரத்தின் குறுக்குவெட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அச்சிறு கண்ணாடிதான் என் தொழிற்கருவி. அந்தோணி என் மனைவியின் தங்கை கணவர். சென்னைத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் எழுத்தராக இருந்து அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆழிப்பேரலைக்குப் பிந்திய இரண்டாவது கோடையில், மே மாதத்து நடு வெயிலில், சென்னையில் வந்திறங்கினேன். சுங்க அலுவலர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வைரக்கல் தொழிலா?" என்றார். மரம் பார்க்கும் தொழில் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் மாலைதோறும் மழை பெய்யும். பெய்யாத நாளில்தான் மக்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பர். இராயபுரத்தில் வானத்தைப் பார்க்கவே கண் கூசியது. பழைய தொடர்வண்டி நிலையத்துச் செந்நிறச் சுவர் காலை ஒன்பது மணிக்கே அடுப்பைப் போலக் கனன்றது. அந்தோணியின் தெருவில் ஒரு முனையில் மாதா கோயில், மறு முனையில் காயும் கருவாடு. இரண்டின் மணமும் நடுவில் சந்திக்கும் இடத்தில் அவர் வீடு.

கொழுந்தியாள் இரெசினா இட்டலியும் வடகறியும் வைத்தாள். வடகறியிலே கடலைப்பருப்பு. மத்தி மீன் குழம்பிலே புளி. சன்னலோரத் தட்டிலே சிவந்து வெடித்த கொடுக்காப்புளிச் சுருள்கள். எல்லாம் ஒரே அவரைக் குடும்பம். புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கொடுக்காப்புளி மெக்சிக்கோவிலிருந்து மணிலா வழியாகக் கப்பலேறியது. கடலை மேற்காசியாவில் பயிரானது. மூன்று நிலப்பரப்புகள் ஓர் இலையில் கூடியிருக்கின்றன என்று நான் வியந்தேன். அந்தோணி, "எல்லாம் நம்மூட்டு அயிட்டம் சகல. ஒங்கூர்ல துன்றீங்களே நாத்தம் புட்ச்ச பெட்டாய், அதான் வெளியூர்ச் சரக்கு," என்றார். பெட்டாய்க்காயும் அவரைக் குடும்பந்தான் என்றேன். "குடும்பம்னா ஒருத்தன் அப்டிதான் இருப்பான்," என்று அடுத்த இட்டலியை என் இலையில் இட்டார்.

உண்டபின் செய்தியைச் சொன்னார். அதே தெருவில் வாழும் தேசம்மாவின் விசைப்படகை ஆழிப்பேரலை கடற்சுவர்க் கற்களில் அடித்து நொறுக்கிவிட்டது. கணவர் ஏழுமலை அதற்கும் முன்பே நோயில் இறந்துபோனவர். ஓராண்டு அலைந்து அந்த அம்மையார் புதுப்படகு கட்டுகிறார். பொறி ஏறிவிட்டது, பலகை ஏறிவிட்டது. முன்முனையான மூக்கு மட்டும் திறந்தபடி நிற்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பதினெட்டு நாள். தடை நீங்கும் நாளில் எந்தப் படகில் கால் வைக்கிறார்களோ, அந்தப் படகோடுதான் ஆண்டு முழுதும் ஆட்கள் செல்வது இங்கே வழக்கம். அன்று தேசம்மாவின் படகு நீரில் இல்லையென்றால் அவருடைய எட்டு ஆட்களும் வேறு படகுகளில் ஏறிவிடுவர்; பிறகு படகு இருந்தும் பயனில்லை.

"மூக்குல இன்னா கோளாறு?" என்று அவர் மொழியிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு கட்ட ஒன்னோட ஒன்னு சேர மாட்டுது. மேஸ்திரி மரக்கட பாய வைய்றாரு. பாய் மேஸ்திரிய வைய்றாரு. நடுவுல அந்தப் பொம்பள வாயே தொறக்கல. நீ வந்து இது இன்னா மரம்னு சொல்லிட்டுப் போ."

மறுநாள் காலை காசிமேட்டுப் படகுத்துறைக்குச் சென்றோம். தடைக்காலமாதலால் கடலுக்குப் போகவேண்டிய படகுகளெல்லாம் தோளோடு தோள் உரசி நின்றன. கரையில் ஓரிடம் விடாமல் புதுப்படகு கட்டும் ஓசை. அலை கொண்டுபோனதற்கு ஈடாக நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டியிருந்ததால் தச்சர்களுக்குத் தலைநிமிர நேரமில்லை. ஏரா எனப்படும் அடிமரத்தின் மேல் இருபுறமும் விலாவெலும்பு போல வளைந்தெழும் கட்டைகளுக்கு வங்கு என்று பெயர். நேரான மரத்தை வளைத்து வங்கு செய்வதில்லை; மரத்திலேயே பிறவி வளைவுள்ள கிளையைத் தேடி வெட்டுவர். வரைபடம் கிடையாது. பழைய படகின் வங்கைத் தோளில் சுமந்துபோய், ஏரிக்கரையில் நிற்கும் கருவேலங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பொருந்துவதை வெட்டிவந்து, கழிமுகச் சேற்றில் இரண்டு மாதம் புதைத்துவைப்பர். மேலே வரும்போது மரம் கரிபோல் கறுத்திருக்கும்.

ஆறுமுகம் மேஸ்திரி ஐம்பத்தைந்து வயதுக்காரர். காதில் பென்சில், தோளில் மரம் செதுக்கும் வாய்ச்சி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மலேசியாலேர்ந்து மரம் பாக்க வந்துகீறாரா? ஏன், இங்க நான் இன்னா மாங்கா பறிக்கவா கீறேன்?"

"கோவிச்சிக்காத நைனா, பாத்துட்டு சொல்லட்டும்," என்றார் அந்தோணி.

மேஸ்திரி சொன்னதன் சுருக்கம் இது. உடைந்த பழைய படகிலிருந்து முழுதாக மீண்டது மூக்கின் வலப்புற வங்கு ஒன்றே. பழைய படகின் ஒரு கட்டையாவது புதுப்படகின் மூக்கில் ஏறவேண்டும். ஏறாத படகில் இங்கே யாரும் முதற்கால் வைப்பதில்லை. வலப்புறம் பழைய வங்கு ஏறியாயிற்று. இடப்புறத்துக்கு அதே வளைவில் கருவேலம் வாங்கிச் செதுக்கினார். பத்தே நாளில் அது வெயிலில் முறுக்கிக்கொண்டு, மூக்குப் பலகைகளின் நடுவே விரல் நுழையும் வாய் திறந்தது. கழற்றி வேறொன்று வைத்தார். அதுவும் முறுக்கியது.

"ஒரு சோடி வங்குன்னா ஒரே மரமா இருக்கணும் சார். ரெண்டும் ஒன்னா சுருங்கணும், ஒன்னா ஊறணும். இது ரெண்டும் சண்ட போடுது. பழசு நாட்டுக் கருவேலம், நானே செதுக்கினது. அப்ப புதுசுதான் டூப்பு. பாய் சீமக் கருவேலத்த வெட்டிச் சேத்துல போட்டுக் கருப்பாக்கி நம்ம தலயில கட்டிகீறாரு."

வண்ணாரப்பேட்டை மரக்கடைக்காரர் காதர் பாயும் அங்கேதான் நின்றார். வெள்ளைச் சட்டையில் மரத்தூள் படியாமல் தூரத்திலேயே நின்றவர், இதைக் கேட்டதும் தூளைப் பொருட்படுத்தாமல் நடுவில் வந்தார். "யா அல்லா! மதுராந்தகத்து ஏரியில நானே நின்னு வெட்னது மேஸ்திரி. எங்க வாப்பா காலத்துலேர்ந்து நம்ம கடைக்குள்ள சீம மரம் வந்ததில்ல. வூட்ல அடுப்புக்குக்கூட அத வாங்கல. என்ன என்னா வேணா சொல்லு, என் மரத்தச் சொல்லாத!"

தேசம்மா ஒரு கவிழ்த்த கூடையின் மேல் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, முழங்கை வரை வெயிலில் கறுத்த கை.

புது வங்கின் முனையைக் கத்தியால் வழித்து நீர் தடவிக் கண்ணாடியை வைத்தேன். கருஞ்சிவப்பு நிலத்தில் நுண்துளைகள். ஒவ்வொரு துளையையும் சுற்றி வெளிறிய வளையம், தனித்தனிக் கண்களைப் போல. ஐயமில்லை. "இது நாட்டுக் கருவேலந்தான்," என்றேன்.

பாய் வானத்தை நோக்கிக் கையுயர்த்தினார். மேஸ்திரியின் முகம் சுருங்கியது. "அப்ப ஏன் சார் சண்ட போடுது?"

பழைய வங்கின் நுனியை ஓரிழை சீவலாமா என்று கேட்டேன். மேஸ்திரி, "அது வாணாம் சார், அந்த மனுசன் நெனப்பா கீது," என்று தயங்கினார். அப்போதுதான் தேசம்மா முதன்முறையாக வாய் திறந்தார்.

"சீவிப் பாருங்க அண்ணே."

சீவினேன். பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்து மீண்டும் பார்த்தேன். இங்கே கண்கள் தனித்தனியாக இல்லை. வளையங்கள் ஒன்றையொன்று தொட்டு அலைக்கோடுகளாக ஓடின. நான் எண்ணியது உண்மையானால் அதைச் சொல்லுமுன் ஒப்புநோக்க ஒரு துண்டு வேண்டும். "ஒரு நாள் பொறுங்கள்," என்றேன். மேஸ்திரி, "டாக்டருங்கோ மாரியே சொல்றாரு," என்று வாய்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் தனியே எண்ணூர்ப் பக்கம் கிளம்பினேன். எழுவர்க்குரிய மூவுருளி வண்டியில் பதினொருவரைத் திணித்தனர். ஷேர் ஆட்டோ என்று இங்கே பெயர். திருவொற்றியூர் தாண்டியதும் சரக்குப் பெட்டக ஊர்திகளின் வரிசை கண்ணுக்கெட்டிய தொலைவுக்கு நின்றது. ஓட்டுநர் வரிசையை ஏய்க்கச் சாலையை விட்டு மண்ணில் இறக்கினார். இறங்கிய மறுகணம் முன்னுருளியிலிருந்து காற்று சீறியது. விரற்கடை நீளமுள்ள முள்.

"பேஜாரு புட்ச்ச முள்ளு!" என்று அவர் சக்கரத்தை உதைத்தார். என்னருகில் மீன்கூடையோடு அமர்ந்திருந்த அம்மாள், "ரோட்ட வுட்டுக் காட்ல ஓட்டிட்டு முள்ளத் திட்றான் பாரு," என்றார்.

அந்த முள்தான் நான் தேடி வந்தது. சாலையோரம், கால்வாய்க்கரை, பழைய உப்பளம், தொழிற்சாலை மதில், எங்கு நோக்கினும் சீமைக் கருவேலம். சாம்பற்பொடி படிந்த இலை, வெளிர்மஞ்சள் கதிர்ப்பூ. நாட்டுக் கருவேலத்துக்குப் பூ உருண்டைப் பொன்மணி போலிருக்கும். காய் மணிமாலை போல் இடைசுருங்கித் தொங்கும். சீமைக்குப் பூ வால் போன்றது. காய் நேரானது, சதைப்பற்றுள்ளது. தென்னமெரிக்காவுக்கும் நடு அமெரிக்காவுக்கும் உரிய இம்மரத்தை, வறண்ட மண்ணை மூடவும் விறகுக்காகவும் வெள்ளையர் ஆட்சியில் இங்கு விதைத்தனர். பின்னர் விதைப்பார் தேவைப்படவில்லை.

உருளி மாற்றும்வரை மரநிழலில் நின்றேன். ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிக் காய்களை மென்றன. காயின் இனிப்பு ஆட்டுக்கு. உள்ளே இருக்கும் கல்போன்ற விதை வயிற்றுக்குள் பயணம் செய்து வேறோரிடத்தில் எருவோடு விழும். இந்த இனிப்பு ஆட்டுக்காகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் ஒரு காலத்தில் யானையொத்த பெருவிலங்குகள் இருந்தன; அவை உண்டு பரப்புவதற்கென்றே இக்காய்கள் இவ்வடிவம் பெற்றன என்று சில அறிஞர் கருதுகின்றனர். அவ்விலங்குகள் அற்றுப்போயின. மரம் மட்டும் வேறு வயிறுகளுக்காகக் காத்திருந்தது போலும். எண்ணூரை அடுத்த காத்திவாக்கத்து வெள்ளாடு அந்தப் பழைய யானையின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நின்றிருந்த ஊர்தியொன்றின் வடநாட்டு ஓட்டுநர் இறங்கி வந்து பற்குச்சிக்கு ஒரு கொப்பை ஒடித்தார். தம் தோழரிடம், கிடங்குக் காவலர்களோடு நான் பேசிப் பழகிய இந்தியில், சொன்னார்: "நம்மூர் முள்தான் இங்கேயும். நம்ம பாட்டன்மார் இதை விலாயத்தி என்றார்கள். இங்கே என்ன சொல்வார்களோ?" விலாயத்தி என்பதும் சீமை என்பதும் ஒரே பொருள். ஒவ்வோர் ஊரும் இதைத் தன்னுடையதன்று என்றே அழைக்கிறது. மரமோ எல்லா ஊரிலும் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

எங்கள் பேராக் மாநிலத்து நெடுஞ்சாலைகளிலும் இப்படி ஒன்றுண்டு. ஆத்திரேலியாவிலிருந்து கொணர்ந்த வேலமரம், முள்ளே இல்லாதது. என் வீட்டுக் கொல்லையில் அது முளைத்தபோது நாள்தோறும் பார்த்திருக்கிறேன். முதல் சில இலைகள் கருவேல இலைபோலவே நுண்சிறகுகளாக விரியும். பிறகு ஒரு நாள் அந்த மரம் இலை விடுவதையே நிறுத்திக்கொண்டு, காம்பைத் தட்டையாக்கி அதையே இலையாக்கிக்கொள்ளும். தன் மூதாதையர் எப்படியிருந்தனர் என்பதை இரண்டு வாரம் காட்டிவிட்டு மறைத்துவிடும். ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டு முதுமையுடைய குடும்பம். காற்று, கடல், பறவை, மந்தை, கப்பல் என எது கிடைத்ததோ அதில் ஏறிப் பிரிந்து சென்றவை, முளைக்கும்போது மட்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

காத்திவாக்கத்துத் தேநீர்க்கடையில் விறகுக்குவியல் இருந்தது. ஒரு கட்டையைக் கேட்டேன். "டீ குட்ச்சிட்டு அடுப்பயும் எட்த்துகினு போவீங்களா?" என்று சிரித்தபடி கொடுத்தார் கடைக்காரர். அங்கேயே முனையை வழித்துக் கண்ணாடியை வைத்தேன். அலைக்கோடுகள். தேசம்மாவின் பழைய வங்கில் கண்ட அதே அலைகள்.

அன்று மாலை அந்தோணியிடம் மட்டும் சொன்னேன். "அப்ப டூப்பு பழசா?" என்றார் அவர். "மேஸ்திரிக்கு நெஞ்சு வலி வந்துரும் சகல. அந்தம்மா புருசன் ஏரிக் கருவேலம்னு சொல்லி இட்டாந்த மரம் அது. அந்தத் துண்டதான் சாமி மாரி வெச்சிகினு கீது. எப்டி சொல்லப் போற?"

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அக்கேசியா என்பதும் கருவேலமும் ஒன்றா என்று கேட்டார். ஒன்றாகத்தான் இருந்தன என்றேன். வடக்கு ஆப்பிரிக்காவின் முள்மரத்துக்கு முன்னோர் இட்ட பெயர் அது. நம் கருவேலம் அதே மரம், அரபு நாடு வழியாக இங்கு வரை பரவியிருப்பது. அண்மையில் உலகத் தாவரவியலார் கூடி, இவை வெவ்வேறு கிளைகள் எனக் கண்டு, அப்பெயரை எண்ணிக்கையில் மிகுந்த ஆத்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கிவிட்டனர். கருவேலம் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

"பேரு ஒருத்தன்து, வூட்ட எட்த்துகினவன் இன்னொருத்தனா?" என்று அந்தோணி பெருமூச்சு விட்டார். "எங்க தெருவுலயும் அப்டி ஒரு கேஸ் கீது."

நான்காம் நாள் காலையில், படகின் திறந்த மூக்கினருகில் நின்று அனைவர் முன்னும் சொன்னேன். மரங்களைப் பற்றி எத்தனையோ முறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இறந்தவரின் சொல்லுக்கு எதிராகச் சொன்னதில்லை. விறகுத்துண்டையும் பழைய வங்கின் சீவலையும் அருகருகே வைத்து, கண்ணாடியை மேஸ்திரியிடமே கொடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுகண்ணை மூடிப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "இருக்காது. ஏழுமல எங்கிட்ட செங்கல்பட்டு ஏரின்னான். நான் என் கையால செதுக்கினேன் சார். சேத்துலேர்ந்து வந்துச்சி, கருப்பா, கல்லாட்டம். பதினெட்டு வருசம் அடுப்புக் கட்டையவா கடல்ல வுட்டுகினு இருந்தேன்?"

காதர் பாய் வாயைத் திறந்தார். தேசம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"அது சீமதான் மேஸ்திரி," என்றார் தேசம்மா. "எனக்குத் தெரியும்."

மேஸ்திரி கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"ரெண்டு மாசம் ஏரி ஏரியா அலஞ்சாரு. அந்த வளவு எங்கயும் கெடைக்கல. அப்பால எண்ணூர் கழியாண்ட ஒன்னு நின்னுச்சி, கடல் காத்துல வளஞ்சி, அள்வெட்த்து வெச்சா மாரி. நான்தான் கஞ்சி எட்த்துகினு போனேன். அங்கயே வெட்டி, பட்டய உரிச்சி, அங்கயே சேத்துல பொதச்சாரு. சீமன்னா நீ தொட மாட்டன்னு தெரியும். 'மேஸ்திரிக்கு மட்டும் தெரியக் கூடாது தேசம்மா'ன்னாரு. அவரு செத்துப்போன அன்னிக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல."

"போட்டு நின்னுபோச்சே! ரெண்டு கட்டய வீணாக்கினேனே! அப்பகூடச் சொல்ல மாட்டியா?"

"எப்டி சொல்றது? வாக்கு குட்த்துட்டேனே." அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே கண்டுபுட்ச்சாரு. நான் சொல்லல."

முந்தாநாள் "சீவிப் பாருங்க அண்ணே" என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி வாய்ச்சியைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு மணலில் அமர்ந்தார். அவர் எழுந்து போய்விட்டால் படகின் கதை முடிந்தது. இத்துறையில் இந்நாளில் வேறு தச்சர் கிடைக்கமாட்டார். எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றைச் சொன்னேன். சீமைக் கருவேலம் கருவேலத்துக்கு அத்துணை நெருங்கிய உறவன்று. நூல்கள் அதை நம் வன்னி மரத்தோடு ஒரே பேரினத்தில் வைத்திருக்கின்றன. மேலும் வெயிலிலும் நீரிலும் அதைப்போல் சுருங்காமல் முறுக்காமல் நிற்கும் மரம் குறைவு; பச்சையாகவே செதுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

"வன்னியா?" மேஸ்திரி நிமிர்ந்தார். "கோயில்ல நிக்குமே, அந்த வன்னியா?"

"ஆம். வன்னிக்குப் பங்காளி."

"அத மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று என்மேல் பாய்ந்தார். பிறகு தேசம்மாவிடம், "அந்த எடம் தெரியுமா ஒனக்கு?" என்றார்.

காதர் பாய் மெல்ல, "மேஸ்திரி, என் மரத்த டூப்புன்னியே," என்றார்.

"டூப்பு இல்ல, போ. அடுத்த போட்டுக்கு ஆவும்."

ஐந்தாம் நாள் பழைய வங்கைக் கழற்றி மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். முன்னே இரண்டு உருளிகளின் மேல் பலகைத்தட்டு, பின்னே ஓட்டுபவர். மீன் கொண்டுசெல்வதற்கென்று இப்பகுதி மக்கள் அமைத்துக்கொண்ட வண்டி. ஆளுயரத்துக்கு மேலான வங்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தது. தேசம்மா அதைக் கட்டிப்பிடித்தபடி நடுவில் அமர்ந்தார். மேஸ்திரி, நான், அந்தோணி மூவரும் கிடைத்த விளிம்பில் தொற்றினோம். சுங்கச்சாவடி அருகே போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னாய்யா இது, ராமரு வில்லா?"

"போட்டு மூக்கு சார்," என்றார் வண்டிக்காரர்.

"மூக்கே இவ்ளோ பெருசுன்னா மூஞ்சி எங்க?"

"காசிமேட்ல கீது. மூக்கு இல்லாம அயுதுகினு கீது," என்றார் தேசம்மா. காவலர் சிரித்து வழிவிட்டார். அந்தோணி மட்டும் வழியெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தில் இருபத்தெட்டு ஆண்டு சரக்கை எண்ணியதாகவும், தாமே சரக்கானது இதுவே முதன்முறை என்றும் முனகினார்.

காத்திவாக்கம் கடந்து கழிமுகக் கரையில் வண்டி நின்றது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஒருபுறம். மறுபுறம் இடுப்பளவு நீரில் பெண்கள் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். வாயில் கவ்விய கூடையில் ஒவ்வோர் இறாலாக விழுந்தது. கரை முழுதும் அடர்ந்த முட்காடு. இதில் பதினெட்டு ஆண்டுக்கு முன் வெட்டிய மரத்தின் இடத்தை எப்படிக் கண்டறிவது என்று நான் மலைத்தேன். தேசம்மா மலைக்கவில்லை. இடிந்த மதகொன்றைப் பிடித்து, அதிலிருந்து நீரோரமாக நடந்து, ஓரிடத்தில் புடைவையைச் செருகிக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தார்.

"தோ!" என்ற குரல் கேட்டது.

வெட்டுண்ட அடிக்கட்டை அங்கே இருந்தது. நடுவில் உளுத்துக் குழிந்து, வண்டியுருளி அளவு அகலத்தில். ஆனால் அது இறந்திருக்கவில்லை. விளிம்பைச் சுற்றிப் புதுத்தண்டுகள் எழுந்து, அவற்றுள் ஒன்று என் தொடையினும் பருத்த மரமாக நின்றது. இவ்வினத்தை மேலே வெட்டினால் கீழேயிருந்து தழைக்கும். அதுதான் எந்த நாட்டிலும் இதை யாரும் ஒழிக்க முடியாமற்போனதற்குக் காரணம். பதினெட்டு ஆண்டும் அதே கடற்காற்று அதே திசையிலிருந்து அடித்திருக்கிறது. தண்டு நிலத்திலிருந்து மேற்கே சாய்ந்து, பிறகு வானை நோக்கி வளைந்திருந்தது.

மேஸ்திரியும் நானும் பழைய வங்கைத் தூக்கி அதன் மேல் வைத்தோம். பொருந்தவில்லை, நுனியில் நான்கு விரல் விலகியது. மேஸ்திரி ஒரு கண்ணை மூடினார். வங்கை ஒரு சாண் கீழிறக்கச் சொன்னார். இன்னும் சற்றே. இப்போது அடியிலிருந்து நுனி வரை இரண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியவில்லை.

அவர் மரத்தை உள்ளங்கையால் இருமுறை தட்டினார். பட்டையைச் சிறிது கீறி முகர்ந்தார். "இதே வாசனதான் அன்னிக்கும் வந்துச்சி," என்றார் மெல்ல. "ஏரித் தண்ணி வாசனன்னு நெனச்சேன்."

"வெட்னதே தெரியாத மாரி நிக்கிது பாரு!" என்று தேசம்மா மரத்தை வைதார். நீரிலிருந்து இறால்காரி ஒருத்தி தலைநிமிர்ந்து, "வெட்டுக்கா, வெட்டு. முள்ளு காலெல்லாம் ஏறுது. மொத்தமா வெட்டிட்டுப் போ!" என்றாள்.

மொத்தமாக வெட்டவில்லை. வண்டிக்காரரும் மேஸ்திரியும் மாறி மாறி அரைமணி நேரம் அறுத்தனர். பெருந்தண்டு சாய்ந்தபின் வண்டிக்காரர் மற்றத் தண்டுகளையும் வெட்ட அரிவாளை ஓங்கினார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்தார். கைப்பருமன்கூட இல்லாத ஒரு தண்டு, அதுவும் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது.

"அத வுடு. நல்லா வளையுது," என்றார்.

மறு வாரம் நான் தைப்பிங் திரும்பிவிட்டேன். காலணியின் அடியில் ஒரு முள் ஒடிந்திருந்ததை வீட்டில்தான் கண்டு பிடுங்கினேன். தடை நீங்கிய நாள் காலை, கொல்லையில் முள்ளில்லா ஆத்திரேலிய வேலமரத்தின் தட்டைக் காம்புகள் மழையில் சொட்டிக்கொண்டிருக்க, தொலைபேசி ஒலித்தது. அந்தோணி கருவியைத் துறையின் பக்கம் நீட்டினார் போலும். நூறு பொறிகள் ஒருங்கே இரைந்தன. பிறகு அதை யாரோ பறித்த ஓசை.

"அண்ணே, எட்டுப் பேரும் ஏறிட்டாங்க. தோ போவுது பாருங்க," என்றார் தேசம்மா, நான் பார்த்துக்கொண்டிருப்பது போலவே. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூக்காண்ட கைய வெச்சிப் பாத்துட்டுதான் அனுப்புனேன். ரெண்டும் சண்ட போடல அண்ணே."